இதிலை எங்கடை எவ்வளவு

எங்கள் வீட்டு நிலவறையில் ஒரு பிரீசர் இருக்கிறது. நெடுக்காகப் படுத்திருக்கும் வகை. முழங்காலை மடக்கி என்னை உள்ளே வைத்தால் மூடி சரியாக மூடும். இதைப் பகிடியாகத்தான் சொல்லி வந்தேன். ஒருநாள் மனைவி அதன் நீளத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அன்றோடு சொல்வதை நிறுத்திவிட்டேன். மூடியைத் தூக்கினால் உட்புறத்தில் இரண்டு வெள்ளை ஒட்டுநாடாத் துண்டுகள் தெரியும். இடப்பக்கத்தில் ‘எங்கடை’ என்று எழுதியிருக்கும், வலப்பக்கத்தில் ‘ஆக்களின்ரை’, அதாவது மற்றவர்களுடையது, என்று. நீலப் பேனையில், சாய்வில்லாத, கையெழுத்துப் போட்டே பழகிய எழுத்து. இரண்டு பக்கத்தையும் பிரிக்க நடுவே ஒரு பலகை. பலகையை அறுத்தது நான் என்பதை அதன் கோணலே சொல்லும். எழுதியவர் என் மாமி, மனைவியின் தாயார்.

மாமி கொழும்பில், இலங்கையின் வெளிநாட்டுச் செலாவணிக் கையிருப்பைக் கணக்குப் பார்க்கும் அலுவலகத்தில் வேலைக்காலம் முழுவதும் இருந்தவர். மாமா காலமான பிறகு, மகளோடு இருப்பதற்காக ஒஸ்லோவின் தென்கோடியில் சுரங்க ரயில் முடிந்துபோகும் மோர்டென்ஸ்ருட்டுக்கு, எங்கள் வரிசை வீட்டுக்கு வந்தார். நானோ ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் ஓர் உணவுக்கடையின் உறைபொருள் பகுதிக்குப் பொறுப்பாளன். ஒரு நாட்டின் டொலருக்குக் காவல் இருந்தவருக்கு, மீன் துண்டுகளுக்குக் காவல் இருப்பவன் மருமகனாக வாய்த்தான். மாமி இதைச் சொல்லிக் காட்டியதில்லை. “ரெண்டும் கவனிக்காட்டிக் கெட்டுப்போற சாமான்தான்” என்று ஒருமுறை சொன்னார். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அவர் வந்த முதல் வாரத்தில் பிரீசரைக் காட்டுவதற்காக நிலவறைக்குக் கூட்டிப்போனேன். மற்ற மருமக்கள் கார் காட்டுவார்கள். என் கார் காட்டும் நிலையில் இல்லை. மூடியைத் தூக்கி, விளிம்புவரை நிறைந்திருந்ததைக் கையால் தடவிக் காட்டினேன்.

“பாருங்கோ மாமி. வெளியிலை மூண்டு மாசம் பனி கொட்டினாலும் காணும்.”

எங்கள் பேச்சில் ‘காணும்’ என்றால் போதும் என்று அர்த்தம். மாமி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார்.

“இதிலை எங்கடை எவ்வளவு, தம்பி?”

எனக்கு விளங்கவில்லை. அவர் ஒவ்வொரு பொதியாகத் தொட்டுக் கேட்டார். ஆட்டிறைச்சி? அது ரொம்சோஸ் அண்ணை தன் வீட்டுப் பிறந்தநாளுக்கு வாங்கி வைத்தது. அண்ணை எங்கள் குடும்ப நண்பர். நகரத்தின் மறுகோடியில், ரொம்சோஸ் அடுக்குமாடிகளில் இருப்பவர். பெரிய மீன்? அதுவும் அண்ணையுடையது. இந்தக் கறுப்பு இறைச்சி? பக்கத்து வீட்டு நோர்வேக்காரர் காட்டில் சுட்ட எல்க், ஒரு பெரிய மானின் தொடை. அரைத்த தூள்ப் பொதிகள் இன்னொருவருடையவை. கடைசியில் எங்களுடையதென்று மிஞ்சியவை ஒரு பை பட்டாணி, என் கடையில் விலை குறைத்துப் போட்ட மீன் துண்டுகள், மகள் சின்ன வயதில் உருட்டி உள்ளே போட்டுவைத்த ஒரு பனி உருண்டை. பனி கொட்டும் நாட்டில் பனியைச் சேமித்துவைத்த குடும்பம் நாங்கள் ஒன்றாகத்தான் இருப்போம்.

“அப்ப எங்கடை, பட்டாணியும் பனியும்” என்றார் மாமி. “மிச்சத்துக்கு நீங்கள் காவல் வாச்சர்.”

அடுத்த சனிக்கிழமை பலகை வந்தது. ஒட்டுநாடாவும் வந்தது.

நான் ஏன் இப்படிப் பிரீசரை நிரப்புகிறவன் ஆனேன் என்று மாமிக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. நான் வளர்ந்தது பொருளாதாரத் தடை இருந்த யாழ்ப்பாணத்தில். சவுக்காரக் கட்டியை நூலால் அறுத்துப் பங்கிட்ட வீடு எங்களுடையது. ஜாம் போத்தலுக்குள் அடியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, பஞ்சுத் திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் படித்தேன். படிப்பு ஏன் ஏறவில்லை என்று கேட்பவர்களுக்கு இன்றும் அந்தப் போத்தலைத்தான் காட்டுகிறேன். தடையெல்லாம் முடிந்து, ஒஸ்லோவில் பத்து நிமிட நடையில் மூன்று கடை இருக்கும்போதும், வீட்டில் ஒன்று குறைந்தால் அன்றே இரண்டாக வாங்கிவந்துவிடுவேன்.

மாமி நேர்மாறு. எதையும் அன்றன்றைக்கு மட்டும் வாங்குவார். பேக்கரியில் அரைப் பாண், கடையில் நாலு வெங்காயம். காரணத்தை ஒருநாள் தேத்தண்ணி ஊற்றும்போது சொன்னார். நாட்டில் டொலர் இறுகிக் கிடந்த ஒரு காலம். கொழும்பு வெள்ளவத்தையில் அவர்கள் இருந்த ஒழுங்கையில், அந்தச் சிறு தெருவில், எல்லோருக்கும் மாமியின் உத்தியோகம் தெரியும். பண்டிகைக்குப் பலகாரம் செய்வதற்காக வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சீனி வாங்கியிருக்கிறார். கடைக்காரர் நிறுத்துக் கொடுத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்திருக்கிறார். பொழுதுபடுவதற்குள் அந்த ஒழுங்கைக் கடைகளில் ஒரு மணி சீனி இல்லை.

“நான் கொழுக்கட்டைக்கு வாங்கினனான். சனம் நாடு முடிஞ்சுது எண்டு நினைச்சிட்டுது” என்றார். “அண்டையிலை இருந்து கால் கிலோவுக்கு மேலை சீனி வாங்கிறேல்லை. முகத்தையும் வெளியிலை கொண்டுபோறேல்லை. ஆர் கேட்டாலும் ஒரே மறுமொழி. காணும்.”

அந்த அலுவலகத்தில் அது எழுதாத சட்டம். கையிருப்பு எவ்வளவு என்பதை உரிய நாளில் தாள் சொல்லும். அதற்குமுன் முகம் சொல்லக்கூடாது. மாமி ஓய்வுபெற்ற பிறகும் அந்த முகத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சீட்டு விளையாட்டில் அவரிடம் நான் தோற்றதற்கு இதுதான் காரணம், எனக்கு விளையாடத் தெரியாது என்பதல்ல.

பனிக்காலத்தில் மாமி வழுக்காமல் இருக்கச் சப்பாத்துக்கு அடியில் இரும்பு முள் மாட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்தபடி காட்டோரப் பாதையில் நடப்பார். விழுந்தால் பிடிப்பதற்கு நான் என்று பெயர். விழுந்தது பெரும்பாலும் நான்தான். நடந்துகொண்டே கையிருப்பின் கதையைச் சொல்வார், சொந்தக்காரர் ஒருவர் பிறந்து வளர்ந்து வருத்தம் வந்து படுத்து எழும்பிய கதைபோல. சுதந்திரம் கிடைத்தபோது நாடு வசதியான வீட்டுப் பிள்ளை. தேயிலையும் றப்பரும் தேங்காயும் விற்ற காசு ஸ்டேர்லிங் பவுணாக லண்டனில் கிடந்தது. அரிசியும் மாவும் வாங்கி வாங்கியே அது கரைந்தது. எழுபதுகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. இறக்குமதியை நிறுத்தினார்கள். விடியமுன்னம் பாணுக்கு வரிசை.

“அந்த வருசங்கள் பெரிய கரைச்சல், தம்பி. பழைய ஆக்கள் அதைப் பற்றிக் கதைக்கவே மாட்டினம்.”

நான் திருதிருவென்று விழித்தேன். வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராமல் போன அந்த வருடங்களில்தான் என் அப்பப்பா, அப்பாவின் தகப்பன், மிளகாய் நட்டு, விற்று, எங்கள் வீட்டுக்குச் சீமெந்துத் தரை போட்டார். நாட்டின் கையிருப்பு இன்னும் கொஞ்சக் காலம் காலியாகவே கிடந்திருந்தால் நாங்கள் மாடியும் கட்டியிருப்போம். இதைச் சொன்னபோது மாமி நடுப்பனியில் நின்று, என் கையை விட்டுவிட்டுச் சிரித்தார்.

“நாங்கள் டொலரைத் தேடாத இடம் இல்லை. உங்கடை வீட்டு நிலத்துக்கையோ கிடந்தது?”

பிறகு நாட்டின் கதவைத் திறந்தார்கள். தைத்த உடுப்புகள் கப்பலேறின. பெண்கள் அரபு நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போனார்கள். யுத்தம் வந்து நாங்கள் ஓடினோம். ஓடியவர்கள் வீட்டுக்கு அனுப்பிய காசும் மாமியின் தாள்களில் ஒரு வரியாக வந்து விழுந்தது.

“அப்ப என்னையும் ஏற்றுமதி எண்டு எழுதினனீங்களோ மாமி?”

“சீ. ஏற்றுமதிக்குத் தரம் பாக்கிறவை.”

யுத்தம் முடிந்தபின் கையிருப்பு நன்றாகப் பருத்தது. ஆனால் அதில் பெரும்பங்கு கடன் வாங்கிச் சேர்த்தது. ஓய்வுபெறும் காலத்தில், தொகையைக் கேட்டு எல்லோரும் கைதட்டிய ஒரு கூட்டத்தில் மாமி மட்டும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாராம். ஏன் தட்டவில்லை என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டிருக்கிறார். மாமியும் திருப்பி ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வி என்னவென்று பிரீசரைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வரும். நோர்வேயின் எண்ணெய்க் காசைப் பற்றித் தொலைக்காட்சியில் சொன்னால், பக்கத்து வீட்டுக்காரரின் புதுக்காரைப் பார்ப்பதுபோல் மாமி ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

பிறகு இலங்கையில் டொலர் உண்மையாகவே முடிந்துபோன வருடம் வந்தது. பெற்றோலுக்கு மைல்கணக்கில் வாகனங்கள் நின்றன. சமையல் காஸ் ஏற்றிய கப்பல்கள் காசு கிடைக்காமல் கடலில் நின்றன. ஒஸ்லோவில் நாங்கள் கைத்தொலைபேசியில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எங்கள் சனம் மாமியைச் சும்மா விடவில்லை. ரொம்சோஸ் அண்ணை நேரிலேயே வந்துவிட்டார். அவருடைய தம்பி குடும்பம் வெள்ளவத்தையில் இருந்தது. வங்கியால் காசு அனுப்பினால் டொலர் நாட்டுக்குள் போகும், ஆனால் குறைந்த ரூபாய்தான் கிடைக்கும். வங்கிக்கு வெளியே காசு மாற்றிவிடும் உண்டியல்காரரிடம் கொடுத்தால் கையில் கூடுதலாக வரும்.

“எங்களை அடிச்சுத் துரத்தின நாட்டுக்கு இப்ப நாங்கள் டொலர் குடுக்கிறதோ, அம்மா?” என்றார் அண்ணை. கோபத்தில் வடையைக் கடித்தபடி கேட்டதால் கேள்வி பாதிதான் வெளியே வந்தது.

“நான் உங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லை, தம்பி. உங்கடை காசு, உங்கடை மனம்” என்றார் மாமி. “ஆனா கடலிலை நிக்கிற காஸ் உங்கடை தம்பி வீட்டுக்கும்தான்.”

அண்ணை எந்த வழியால் அனுப்பினார் என்று நான் கேட்கவில்லை. வடை மட்டும் முடிந்திருந்தது.

அந்த நாட்களில்தான் சின்னம்மாவின் தொலைபேசி வந்தது. சின்னம்மா மாமியின் தங்கை. கலியாணம் கட்டாதவர். வெள்ளவத்தை வீட்டில் தனியே இருந்தார். நீரிழிவு இருப்பதால் ஊசி போட்டுக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிட்டே ஆகவேண்டும். ஒரு நேரம் பிந்தினாலும் மயங்கி விழுந்துவிடுவார். முன்பு ஒருமுறை விழுந்தும் இருக்கிறார். மாமி அவரிடம் காஸ் இருக்கிறதா, சமைக்கிறாயா என்று கேட்டார். தொலைபேசியை வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“என்னவாம் அம்மா?” என்றார் என் மனைவி.

“காணுமாம்.”

“அப்ப சரிதானே.”

“அது நான் சொல்லுற காணும்” என்றார் மாமி. “எனக்கு டிக்கற் போடுங்கோ.”

வீட்டில் சண்டை நடந்தது. காஸ் இல்லை, கரண்ட் இல்லை, மருந்து இல்லை, அங்கிருந்து சனம் வெளியே ஓடுகிற நேரத்தில் இந்த வயதில் உள்ளே போவதா என்று மனைவி அழுதார். மாமி தன்பாட்டில் உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்.

ஊருக்கு ஒருவர் பயணம் என்றால் ஒஸ்லோத் தமிழருக்கு அது எப்படியோ மூக்கில் மணக்கும். அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டு மணி ஓயவில்லை. பால்மா, காய்ச்சலுக்குப் போடும் குளிசை, பற்றரி விளக்கு, பிள்ளைகளின் மருந்து. ரொம்சோஸ் அண்ணை தம்பியின் மகனுக்கு மூச்சிழுப்புக்கு அடிக்கும் மருந்து கொண்டுவந்தார். எல்லோருக்கும் நான் ஓம் என்றேன். இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு வளையாது. வீட்டுப் பிரீசர் அப்படி நிறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கடைசி மாலை, பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குளியலறைத் தராசில் ஏறி நின்றேன். மொத்தத்தில் என் எடையைக் கழித்தால் பெட்டியின் எடை. என் எடையை நான் எப்போதும் குறைத்தே சொல்வதால் பெட்டி பயங்கரமாகக் கூடிவிட்டது.

“தம்பி, பிழை பெட்டியிலை இல்லை” என்றார் மாமி.

என் உண்மையான எடையை வைத்துக் கழித்தபோதும் விமானத்தில் விடும் அளவைவிடக் கூடுதலாகத்தான் இருந்தது. மாமி பெட்டியைத் திறந்து பார்த்தார். இந்தமுறை கேள்வி கேட்கவில்லை. எனக்கே தெரிந்தது. சின்னம்மாவின் மருந்தையும் மாமியின் சேலைகளையும் தவிர எல்லாம் ஆக்களுடையவை. நான் பால்மாவை வெளியே எடுக்கப்போனேன். மாமி என் கையைத் தட்டிவிட்டார்.

“வாங்கினது வாங்கினதுதான். நம்பித் தந்த சாமான்.”

சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தார். உடுத்திருந்ததோடு இன்னும் இரண்டு மட்டும் மிஞ்சின. என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் அந்த அறையே உறைந்திருக்கும். “எல்லாருக்கும் ஓம் சொல்லி நல்ல பிள்ளை ஆகிற மனிசன்” என்றார். மாமிதான் சமாதானம் செய்தார். சேலைகள் இங்கே இருந்தால் அவற்றை எடுக்கவாவது ஒருநாள் வருவேனே என்றார். விமான நிலையத்தில், தள்ளுவண்டி நிறைய மற்றவர்களின் பால்மாவோடு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நாங்கள் காலைச் சாப்பாட்டோடு கூப்பிடுவோம். அங்கே மத்தியானம் தாண்டியிருக்கும். “எப்பிடி மாமி, எத்தினை மாசத்துக்குக் காணும்?” என்று நான் பகிடி விடுவேன். “காணும் தம்பி, காணும்” என்பார். மனைவி நிம்மதியாகத் தேத்தண்ணி குடிப்பார். முதல் சில ஞாயிறுகள் நானும் அப்படித்தான்.

பிறகு ஒரு ஞாயிறு, அவர் பேசிக்கொண்டிருக்கும்போது, அவருக்குப் பின்னால் இருந்த அமைதி என் காதில் விழுந்தது. முன்பெல்லாம் சின்னம்மாவோடு பேசினால் மின்விசிறியின் கிறீச்சும் குக்கரின் விசிலும் சேர்ந்தே வரும். அன்று ஒன்றும் இல்லை. கரண்ட் இல்லாவிட்டால் விசிறி நிற்கும், சரி. குக்கர் ஏன் நின்றது? என்ன சாப்பாடு என்று கேட்டேன். பாணும் வாழைப்பழமும் என்றார். போன ஞாயிறும் அதுதான். சின்னம்மா எங்கே என்றேன். படுத்திருக்கிறாள், கொஞ்சம் தலைச்சுற்று என்றார். அந்த வீட்டைச் சூழ்ந்திருந்த அமைதி எனக்குத் தெரிந்த அமைதி. அடுப்பு எரியாத மத்தியானத்துக்கு ஒரு சத்தம் உண்டு. தடைக்காலத்தில் எங்கள் குசினியிலிருந்து அது எனக்குப் பழக்கம்.

“அங்கை காஸ் இல்லை” என்றேன், தொலைபேசியை வைத்ததும்.

“அம்மா காணும் எண்டவ” என்றார் மனைவி.

“உம்மடை அம்மா ஒரு நாட்டுக்கே காணும் எண்டு முகத்தை வைச்சிருந்த மனிசி.”

ரொம்சோஸ் அண்ணைக்கு எடுத்தேன். மாமிக்குத் தெரியாமல் செய்வது சரியா என்ற யோசனை, அவர் தொலைபேசியை எடுக்கும்வரைதான் இருந்தது. விசயத்தைச் சொன்னேன்.

“ஏனடாப்பா முதலே சொல்லேல்லை? என்ரை தம்பி ரெண்டு ஒழுங்கை தள்ளித்தானே!” என்று கத்தினார். “அவன்ரை பெடியன் இப்ப மூச்சு விடுறதே அம்மா கொண்டுபோன மருந்திலை.”

அன்று மாலையே அந்தத் தம்பியும் மனைவியும், பின்வளவில் விறகு வைத்துச் சமைத்த சோற்றையும் பருப்பையும் தூக்குச்சட்டியில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மாமியின் வெறும் காஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டுபோய்த் தங்களுடையதோடு சேர்த்துக் காஸ் கடை வரிசையில் வைத்தார்கள். மாமி கொண்டுபோன பொதிகளைப் பெற்ற வேறு வீட்டுக்காரர்களும் கேள்விப்பட்டு வரத்தொடங்கினார்கள். ஒருவர் கரி கொண்டுவந்தார், ஒருவர் முட்டை. சின்னம்மாவுக்கு நேரத்துக்குச் சாப்பாடு கிடைத்தது. தலைச்சுற்று நின்றது.

இரண்டாம் நாள் மாமி என்னைக் கூப்பிட்டார். எப்போதும் நாங்கள்தான் எடுப்போம். அவர் எடுத்தது அதுதான் முதல்தடவை.

“தம்பி, எங்கடை கையிருப்பை வெளியிலை சொல்லிப்போட்டியள்.”

“ஓம் மாமி.”

“அலுவலகத்திலை எண்டா உங்களை வேலையாலை நிப்பாட்டியிருப்பன்.”

“ஓம் மாமி.”

பின்னால் யாரோ பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. சின்னம்மா யாருடனோ சிரிப்பதும் கேட்டது. பிறகு மாமி குரலைத் தாழ்த்தினார். கணக்கு விளங்காத ஆளின் குரல். அவரிடம் அதை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

“வீடு நிறைய ஆக்களின்ரை சாப்பாடு, தம்பி. உதை நான் எந்தப் பக்கத்திலை போடுறது?”

பார்த்துச் சொல்கிறேன் மாமி என்றேன்.

காஸ் வந்தது. கரண்ட் வந்தது. நாடு மெல்ல எழும்பி உட்கார்ந்தது. கையிருப்பு மறுபடி கூடுகிறது என்று செய்தி வந்தபோது, தொலைபேசியில் மாமியும் நானும் ஒரே நேரத்தில் அதே பிரீசர்க் கேள்வியைக் கேட்டுச் சிரித்தோம். அவர் சேலைகளை எடுக்க வரவில்லை. தங்கையோடே இருந்தார். போன வருடம், ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தவர் எழும்பவில்லை. சின்னம்மாவுக்கு அண்ணையின் தம்பி வீட்டிலிருந்து இன்றைக்கும் தூக்குச்சட்டி போகிறது. சேலைகள் எங்கள் அலுமாரியில் இருக்கின்றன. விசேசங்களுக்கு மனைவி ஒவ்வொன்றாக உடுத்துகிறார்.

போன சனிக்கிழமை ரொம்சோஸ் அண்ணை வந்தார். மகளின் கலியாணம். இரண்டு பெரிய பைகளில் ஆட்டிறைச்சி. வழமைபோல் ஓம் என்றேன். நிலவறையில் மூடியைத் தூக்கினால், வலப்பக்கம் பக்கத்து வீட்டுக்காரரின் எல்க் நிறைந்து கிடந்தது. இடப்பக்கத்தில் பட்டாணிப் பையும் பனி உருண்டையும். மகளுக்கு இப்போது இருபது தாண்டிவிட்டது, உருண்டை அப்படியே இருக்கிறது.

“தம்பி, உது உங்கடை பக்கம் எல்லோ?” என்றார் அண்ணை, பையைப் பிடித்தபடி.

“அதிலை வையுங்கோ அண்ணை.”

வைத்தார். மூடியை மூடப்போனபோது ‘எங்கடை’ என்ற நாடாவின் ஒரு மூலை குளிரில் கிளம்பியிருந்ததைக் கண்டேன். பெருவிரலால் அழுத்திப் பிடித்தேன். அது உடனே ஒட்டுவதாக இல்லை.

“என்னடாப்பா, விரல் ஒட்டிப்போச்சோ?” என்றார் அண்ணை பின்னாலிருந்து.

“ஓம் அண்ணை. கொஞ்சம் பொறுங்கோ.”